கதவைப் பூட்டினேனா, ஃப்ளாப் போட்டேனா?

இந்த வாரம் விமானக் கேள்விகளை மட்டும் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். கல்யாணம், கடன், கிரிக்கெட் எல்லாம் அடுத்த வாரம்.

ஆர்.எஸ்., மயிலாடுதுறை

கே: விமானம் கிளம்புமுன் நம்மை மட்டும் போனை அணை, சீட்டை நிமிர்த்து என்று விரட்டுகிறார்கள். அந்த நேரத்தில் பைலட்கள் என்ன செய்வார்கள்? சும்மாதானே உட்கார்ந்திருப்பார்கள்?

ப: அவர்கள் கொஞ்சம் சும்மா இருக்கும் நேரம் 35,000 அடி உயரத்தில்தான் வரும். தரையில் இருக்கும்போது மூச்சுவிட நேரம் கிடையாது. எரிபொருள் நிரப்பியவர் கையெழுத்துக்குச் சீட்டை நீட்டுவார். பயணிகள், பெட்டிகள், சரக்கு எல்லாம் சேர்த்து எவ்வளவு எடை என்று சொல்லும் லோட் ஷீட் வரும். அது வந்த கையோடு, இரண்டு பேர் போர்டிங்குக்கு வரவில்லை, அவர்கள் பெட்டியை இறக்க வேண்டும் என்று தரைப் பணியாளர் வந்து நிற்பார், கணக்கு மாறும். தலைமைப் பணிப்பெண் எட்டிப் பார்த்து பின்வரிசையில் ஏ.சி. சரியில்லை என்பார். காதில் கன்ட்ரோல் டவர் பேசிக்கொண்டிருக்கும். இதற்கெல்லாம் நடுவில் போகும் வழி, எடை, கிளம்பும் வேகம் என்று கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். பயிற்சிக் கையேட்டில் இந்த வேலைகள் ஒன்று முடிந்து ஒன்று வரும். காக்பிட்டில் எல்லாம் ஒரே சமயத்தில் கதவைத் தட்டும்.

கே.எம்., கோவில்பட்டி

கே: வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை போனதும் 'பூட்டினோமா?' என்று சந்தேகம் வந்து திரும்பி ஓடுகிறேன். பைலட்டுக்கும் இப்படிச் சந்தேகம் வருமா?

ப: வந்தால் கும்பிடலாம். வராமல் போவதுதான் பிரச்சினை.

நீங்கள் பூட்டைக் கையில் எடுத்த அந்த நொடியில் பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ கேட்கிறார். பதில் சொல்லிக்கொண்டே படி இறங்குகிறீர்கள். தினமும் பூட்டுகிற கதவு என்பதால் நேற்றுப் பூட்டிய ஞாபகமும் இன்றைக்குப் பூட்டிய ஞாபகமும் ஒரே மாதிரி இருக்கும். மனசு 'ஆச்சு' என்று கணக்கை முடித்துவிடும். உங்களுக்காவது தெருமுனையில் சந்தேகம் தட்டுகிறது. பைலட்டுக்குத் தெருமுனையே கிடையாது, நேரே ஓடுதளம்தான்.

அமெரிக்காவில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் கீ டிஸ்முக்ஸ் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் இதைத்தான் பல வருடம் ஆராய்ந்தார்கள். விமானிகளுக்குப் பின்னால் உள்ள கூடுதல் இருக்கையில் உட்கார்ந்து, கையேட்டில் எழுதியிருப்பதையும் நிஜத்தில் நடப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2009-இல் 'தி மல்டிடாஸ்கிங் மித்' என்று புத்தகமே வந்தது. பழகிய வேலையில் முந்தின வேலைதான் அடுத்த வேலையை ஞாபகப்படுத்தும். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் ஃப்ளாப் என்று பழகியவருக்கு இன்ஜின் சத்தமே நினைவூட்டல். சரியாக அந்த இடத்தில் ரேடியோவில் யாராவது கூப்பிட்டால், பதில் சொல்லி முடிப்பதற்குள் அந்த நினைவூட்டல் கடந்து போயிருக்கும். அதற்கடுத்த நினைவூட்டல் ஓடுதளத்தின் வெள்ளைக் கோடு. அது 'கிளம்பு' என்று மட்டும்தான் சொல்லும்.

ஜெ.வி., சிவகாசி

கே: ஃப்ளாப் ஃப்ளாப் என்கிறீர்களே, அது என்ன?

ப: அடுத்த முறை ஜன்னலோரம், இறக்கைக்குச் சற்றுப் பின்னால் இடம் கேட்டு வாங்குங்கள். கிளம்புவதற்கு முன் மோட்டார் சத்தம் ஒன்று கேட்கும். இறக்கையின் பின்விளிம்பு நீண்டு கீழ்ப்பக்கம் வளையும், அதுதான் ஃப்ளாப். முன்விளிம்பிலும் ஒரு பட்டை வெளியே வரும், அதற்கு ஸ்லாட் என்று பெயர். இறக்கையின் பரப்பும் வளைவும் கூடுவதால் குறைந்த வேகத்திலேயே விமானத்தைத் தூக்கும் விசை கிடைக்கும். மேலே போனதும் மடக்கிவிடுவார்கள். பெரிய ஜெட் விமானத்தில் இவற்றை நீட்ட மறந்துவிட்டு மூக்கைத் தூக்கினால், சக்கரம் தரையை விடும், ஆனால் விமானம் ஏறாது.

காக்பிட்டில் இதற்கு இருப்பது ஒரே ஒரு சின்னப் பிடி. நகர்த்த ஒரு நொடி போதும்.

எஸ்.டி., ஈரோடு

கே: அந்த ஒரு நொடி வேலையை மறந்து நிஜமாகவே விமானம் விழுந்திருக்கிறதா?

ப: ஒன்றல்ல. மிக விரிவாக ஆராயப்பட்டது டெட்ராய்ட் விபத்து. 1987 ஆகஸ்ட் 16, இரவு எட்டரை தாண்டிய நேரம். நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் 255, எம்டி-82 ரக விமானம், பீனிக்ஸ் போக வேண்டும்.

விமானம் நகர ஆரம்பித்த நேரத்தில் என்னென்ன நடந்தது என்று பாருங்கள். காற்று மாறியதால் கிளம்ப வேண்டிய ஓடுதளம் மாறிவிட்டது. புதிய ஓடுதளம் அங்கே இருப்பதிலேயே குட்டை. இந்த எடையோடு அதிலிருந்து கிளம்பலாமா என்று அட்டவணையைப் புரட்டிப் பார்க்க வேண்டும். வானிலை அறிவிப்பும் மாறியதால் துணை விமானி அதைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார். வேறு அலைவரிசைக்கு மாறச் சொன்னது விட்டுப்போகிறது. கேப்டன் திரும்ப வேண்டிய டாக்ஸி பாதையை (ஓடுதளத்துக்குத் தரையில் நகர்ந்து போகும் வழி) தாண்டிப் போய்விடுகிறார், மறுபடி வழி கேட்கிறார்கள். எந்த இடத்தில் வழக்கமாக ஃப்ளாப் நீட்டுவார்களோ, டாக்ஸி செக்லிஸ்ட் படிப்பார்களோ, அந்த இடம் முழுக்க இந்த வேலைகள் உட்கார்ந்துகொண்டன. செக்லிஸ்ட் படிக்கப்படவே இல்லை. ஒருவரும் தூங்கவில்லை, குடிக்கவில்லை, வெட்டிக்கதை பேசியதால் கோட்டை விடவும் இல்லை. அடுத்தடுத்து வந்ததெல்லாம் வேலைதான்.

விமானம் தரையை விட்டது. ஏற முடியாமல் சாய்ந்து ஆடி, ஓடுதளத்துக்கு அப்பால் வாடகைக் கார் நிறுத்துமிடத்தின் விளக்குக் கம்பத்தில் இடது இறக்கை மோதியது. விமானத்தில் இருந்த 155 பேரில் 154 பேரும், சாலையில் இருந்த 2 பேரும் இறந்தார்கள். பிழைத்தது 4 வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும்.

எஸ்.டி., ஈரோடு (இன்னொரு அஞ்சலட்டையில்)

கே: என் ஸ்கூட்டரே ஸ்டாண்டை எடுக்க மறந்தால் கத்துகிறது. அவ்வளவு பெரிய விமானத்தில் அலாரம் கிடையாதா?

ப: உண்டு. ஃப்ளாப் இல்லாமல் கிளம்பப் பார்த்தால் கத்துவதற்கென்றே ஒன்று உண்டு. டெட்ராய்டில் அது கத்தவில்லை, அந்த அலாரத்துக்கு மின்சாரம் போகவில்லை. ஏன் போகவில்லை என்று புலனாய்வாளர்களால் கடைசிவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு, ஒவ்வொரு முறை கிளம்பும்முன்னும் அலாரத்தைச் சோதித்துப் பாருங்கள் என்று விமானத்தைத் தயாரித்த மெக்டொனல் டக்ளஸ் நிறுவனம் எல்லோருக்கும் எழுதியது.

21 வருடம் கழித்து மாட்ரிடில் அதே ரக விமானம், அதே ஃப்ளாப், அதே மௌன அலாரம். அந்த விமானத்தை இயக்கிய நிறுவனத்தின் நடைமுறையில் ஒவ்வொரு முறையும் சோதிக்கும் வழக்கம் இருக்கவில்லை. கடிதம் போய்ச் சேருவதும் கடிதத்தில் சொன்னது நடப்பதும் வேறு வேறு என்பது நம் நகராட்சிக்கு மனு எழுதியவர்களுக்குத் தெரியும்.

அலாரம் கத்தினாலும் பிழைப்போம் என்று நிச்சயம் இல்லை. 1999-இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகர விமான நிலையத்தில் லாபா 3142 கிளம்பும்போது அலாரம் நன்றாகவே கத்தியது. காக்பிட்டில் சொந்தக் கதை பேசிக்கொண்டிருந்தவர்கள், எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று வேகத்தைக் கூட்டினார்கள். தரையில் இருந்த 2 பேரோடு சேர்த்து 65 பேர் போனார்கள். அந்த நிறுவனத்தில் முன்பு விமானியாக இருந்து விலகிய என்ரிகே பின்யேரோ பிற்பாடு இதைப் பற்றிப் படமே எடுத்தார். 'விஸ்கி ரோமியோ ஸூலு' என்று பெயர். கிடைத்தால் பாருங்கள்.

ஒரு வாசகர், பரமக்குடி

கே: ஆக, காக்பிட்டில் அரட்டை அடிப்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்?

ப: பாதி சரி. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1974 செப்டம்பரில் அமெரிக்காவின் ஷார்லட் நகரில் ஈஸ்டர்ன் 212 தரையிறங்க வந்தது. அரசியல், பழைய கார் என்று பேசிக்கொண்டே வந்தவர்கள் உயரத்தைக் கவனிக்கத் தவறினார்கள். 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்படிச் சில விபத்துகளுக்குப் பிறகு 1981-இல் அமெரிக்க விமானத் துறை ஒரு விதி போட்டது. தரையில் நகரும்போதும், கிளம்பும்போதும், இறங்கும்போதும், 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போதும் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சும் செயலும் கூடாது. 'ஸ்டெரைல் காக்பிட்' என்று அதற்குப் பெயர். நம் நாடு உட்படப் பல நாடுகளிலும் இந்தப் பழக்கம் வந்துவிட்டது.

விதி வந்து 7 வருடம் கழித்து டல்லாஸில் டெல்டா 1141 கிளம்பக் காத்திருந்தது. நீண்ட வரிசை. பணிப்பெண் ஒருவர் காக்பிட்டில் நின்றிருந்தார். ஓடுதளத்துப் பறவைகளில் ஆரம்பித்துப் பேச்சு எங்கெங்கோ போனது. விபத்து நடந்தால் கறுப்புப் பெட்டியில் பதிவான காக்பிட் பேச்சைப் பத்திரிகைகள் எப்படிப் போட்டு வறுக்கின்றன என்பது பற்றியும் பேசிச் சிரித்தார்கள். கிளம்பியதும் விழுந்தது. ஃப்ளாப் நீட்டப்படவில்லை. 14 பேர் மரணம். அவர்களுடைய பேச்சையும் பத்திரிகைகள் போட்டன.

மீதிப் பாதி, டெட்ராய்டில் பார்த்தது. வேலைக்கு நடுவே வேலையே வந்து விழுவதை எந்த மௌன விதியும் தடுக்காது.

எல்.பி., கும்பகோணம்

கே: பெண்களைக் காக்பிட்டுக்குள் விட்டால் இப்படித்தான் ஆகும் என்கிறேன். ஒப்புக்கொள்கிறீர்களா?

ப: இல்லை. பேச்சுக்கு இரண்டு வாய் வேண்டும், அதில் ஒன்று கேப்டனுடையது. கதவைச் சாத்தச் சொல்லும் அதிகாரமும் அவருடையது. பணிப்பெண்ணின் வாயை அடைத்ததால் என்ன ஆனது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. கடைசிக் கேள்வி வரை பொறுங்கள்.

டி.என்., திருவையாறு

கே: டெட்ராய்ட் ஆகஸ்ட் 16, மாட்ரிட் ஆகஸ்ட் 20, டல்லாஸ் ஆகஸ்ட் 31, புவெனஸ் ஐரிஸும் ஆகஸ்ட் 31 என்று இணையத்தில் பார்த்தேன். ஆடி மாசம் ஆகாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

ப: பஞ்சாங்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். டெட்ராய்ட் ஒன்றுதான் ஆடிக் கணக்கில் வரும். மற்ற மூன்றும் ஆவணி, முகூர்த்த மாதம். ஸ்லாட் நீட்டாமல் நைரோபியில் கிளம்பி 59 உயிரைப் பறித்த லுஃப்தான்சா 540 விபத்து 1974 நவம்பரில் நடந்தது. அது கார்த்திகை. எந்த மாதத்தைத் தள்ளி வைக்கலாம்?

வி.ஜி., நாகர்கோவில்

கே: ஒருவர் மறந்தால் இன்னொருவர் பார்க்கத்தானே இரண்டு பைலட்? இருவரும் சேர்ந்து எப்படி மறப்பார்கள்?

ப: இந்த வாரத்தின் நல்ல கேள்வி. பதிலுக்கு மாட்ரிட் போக வேண்டும்.

2008 ஆகஸ்ட் 20. ஸ்பான்ஏர் 5022, கனேரித் தீவுக்குக் கிளம்ப வேண்டிய விமானம், 172 பேர். முதல் முறை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து, ஃப்ளாப்பும் நீட்டி, ஓடுதளம் வரை போய்விட்டார்கள். அங்கே, வெளிக்காற்றின் வெப்பத்தை அளக்கும் கருவியின் ஹீட்டர் அளவுக்கு மீறிச் சூடாவதைக் கவனித்து, சரியாகவே முடிவெடுத்துத் திரும்பி வந்தார்கள். மெக்கானிக் வந்து அந்த ஹீட்டரின் மின் இணைப்பைத் துண்டித்து, போகலாம் என்றார். இதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம். கோடை வெயில், உள்ளே பயணிகள். கேப்டனுக்கு அவசரம்.

மறுபடியும் இன்ஜின் ஸ்டார்ட். துணை விமானி செக்லிஸ்டைப் படித்துக்கொண்டு வருகிறார். ஃப்ளாப் என்ற வரி வர வேண்டிய இடத்தில், டாக்ஸிக்கு அனுமதி கேள் என்று கேப்டன் குறுக்கிடுகிறார். அவர் ரேடியோவை எடுக்கிறார், அனுமதி கிடைக்கிறது, விமானம் நகர்கிறது. அந்த வரி அனாதையாக நிற்கிறது.

இனிமேல்தான் உங்கள் கேள்வி. கிளம்புவதற்கு முன் கடைசியாக ஒரு சரிபார்ப்பு உண்டு. அதில் துணை விமானி ஃப்ளாப் அளவைப் 'பதினொன்று' என்று சொன்னது குரல் பதிவில் இருக்கிறது. திரையில் பதினொன்று இல்லை, ஃப்ளாப் மடங்கித்தான் இருந்தது. என்ன தெரிய வேண்டுமோ அதைச் சொல்லியிருக்கிறார், என்ன தெரிந்ததோ அதை அல்ல. டல்லாஸிலும் இதே கதைதான். 'ஃப்ளாப்' என்று கேட்டதும் 'பதினைந்து, பதினைந்து, பச்சை விளக்கு' என்று பதில் வந்தது. சிதைவுகளைப் பார்த்தால் ஃப்ளாப் மடங்கிக் கிடந்தது. இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயிரம் முறை சொன்ன பதில், கண்ணைக் கேட்காமல் வாயிலிருந்து தானாக வந்துவிடுகிறது. சொல்வதைக் கேட்ட இன்னொருவருக்கும் காது திருப்தியாகிவிடுகிறது, அவரும் திரையைப் பார்ப்பதில்லை. இரண்டு பேர் இருப்பதாலேயே இரண்டு மடங்கு பாதுகாப்பு என்ற கணக்கு இங்கேதான் உதைக்கும்.

மாட்ரிடில் 154 பேர் இறந்தார்கள், 18 பேர் பிழைத்தார்கள்.

பி.ஆர்., சேலம்

கே: கணக்கில் வீக்கான பைலட்டால் ஆபத்து உண்டா?

ப: கணக்கில் புலியாக இருந்தாலும் உண்டு, விரல் ஒரு கட்டம் தள்ளிப்போனால் போதும். 2009 மார்ச்சில் மெல்போர்னிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய எமிரேட்ஸ் 407-இன் எடை 362.9 டன். லேப்டாப்பில் தட்டியது 262.9 டன். நூறு டன் குறைவு என்று நம்பிய கம்ப்யூட்டர், அதற்கேற்ற குறைந்த விசையையும் வேகத்தையும் கொடுத்தது. ஓடுதளம் முடியும்வரை விமானம் எழவில்லை. வால் தரையில் உரசி, எல்லையைத் தாண்டி ஆன்டெனாவில் மோதி, தட்டுத்தடுமாறி எழுந்து, வட்டமடித்துத் திரும்பி வந்து இறங்கியது. 275 பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எடையைத் தட்டிச் சரிபார்க்கும் நேரத்தில் காக்பிட்டில் நடந்த குறுக்கீடுகளை ஆஸ்திரேலியப் புலனாய்வு அறிக்கை விளக்கமாகவே எழுதியிருக்கிறது.

இதற்கு 6 வருடம் முன்பு ஆக்லாந்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஜம்போ ஒன்று இதே நூறு டன் பிழையில் வாலை உரசியது. அங்கே 347.4 டன் 247.4 ஆனது. இரண்டு விமானத்திலும் முதல் இலக்கம் மட்டும்தான் தப்பு. மளிகைக் கடை பில்லில் மூன்று இரண்டானால் கடைக்காரர் உடனே கண்டுபிடித்துவிடுவார், அவர் காசு!

எம்.ஏ., ராமநாதபுரம்

கே: ஓடுதளமே மாறிப்போன கதை உண்டா?

ப: உண்டு. 2006 ஆகஸ்ட் 27 (திருவையாற்றுக்காரர் கவனிக்க, இதுவும் ஆவணி), அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம், லெக்ஸிங்டன் நகரம். காம்ஏர் 5191. விடிவதற்கு முந்திய இருட்டு. 7,000 அடி ஓடுதளத்துக்குப் போக வேண்டியவர்கள், அதற்கு முன்னாலேயே குறுக்கிடும் 3,500 அடிக் குட்டை ஓடுதளத்தில் திரும்பிவிட்டார்கள். டாக்ஸி செய்யும்போது வேறு வேலைவாய்ப்பு பற்றி ஏதோ பேச்சு. டவரில் ஒரே ஒரு ஆள், கிளம்ப அனுமதி கொடுத்துவிட்டு வேறு கணக்கெழுதும் வேலைக்காகத் திரும்பிக்கொண்டார். அந்தக் குட்டை ஓடுதளத்தில் விளக்கு எரியவில்லை. வேகமெடுக்கும்போது துணை விமானியே, விளக்கில்லாமல் இருப்பது விசித்திரமாக இருக்கிறதே என்றார். கேப்டனும் ஆமாம் என்றார். நிறுத்தவில்லை. 50 பேரில் 49 பேர் இறந்தார்கள். பிழைத்தவர் அந்தத் துணை விமானி.

கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. பார்த்ததன் அர்த்தம் மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் ஓடுதளம் தீர்ந்துவிட்டது.

ஏ.ஜே., திருச்சி

கே: எங்கள் ஊர் விமான நிலையச் சுவரை ஒரு விமானம் இடித்துக்கொண்டு போனதே, அதுவும் இந்த ரகம்தானா?

ப: ஏறக்குறைய. 2018 அக்டோபர் 12, பின்னிரவு. துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், 136 பேர். ஓடுதளத்தில் வேகமெடுக்கும்போது கேப்டனின் இருக்கைச் சாய்மானம் திடீரென்று பின்னால் சரிந்தது. த்ராட்டிலைப் பிடித்திருந்த கையும் கூடவே பின்னால் வர, இன்ஜின் விசை குறைந்தது. விசை குறைந்ததை இருவருமே கவனிக்கவில்லை என்கிறது அறிக்கை. மெதுவாக எழுந்த விமானம் ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு மேலே போனது. காக்பிட்டில் எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரிந்ததால் கடலுக்கு மேலே பறந்தார்கள். கீழேயிருந்து சொல்லித்தான் மும்பைக்குத் திருப்பினார்கள். எல்லோரும் பத்திரம். சுவரை மட்டும் புதிதாகக் கட்டினார்கள்.

சீட் சரிந்தால் எந்த மனிதனுக்கும் முதல் கவலை முதுகு. அதைக் குற்றம் சொல்ல முடியாது. முதுகை நிமிர்த்திய பிறகு இன்ஜின் எண்ணைப் பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் புகார்.

ஒய்.கே., ஆம்பூர்

கே: செக்லிஸ்டைக் கண்டுபிடித்தது யார்?

ப: ஒரு விபத்து. 1935 அக்டோபர் 30, அமெரிக்க ராணுவத்துக்குக் காட்டுவதற்காக போயிங் கொண்டுவந்த புதிய குண்டுவீச்சு விமானம் கிளம்பியதும் விழுந்தது. தரையில் நிற்கும்போது காற்றில் வால் பகுதி ஆடாமல் பூட்டி வைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு, அதை விடுவிக்க மறந்துவிட்டார்கள். ஓட்டியவர் கத்துக்குட்டி அல்ல, அனுபவம் மிக்க சோதனை விமானி. விமானத்தில் கைவேலை அதிகமாகிவிட்டது, மனிதனின் ஞாபகத்தை நம்பி இதை ஓட்ட முடியாது என்று புரிந்து, அட்டையில் எழுதி வைத்துப் படிக்க ஆரம்பித்தார்கள். அந்த விமானம்தான் பிற்பாடு பி-17 என்று இரண்டாம் உலகப் போரில் பேர் வாங்கியது.

சி.எஸ்., வேலூர்

கே: அட்டை இருந்தும் மறக்கிறார்களே, வேறு என்னதான் வழி?

ப: பெரிய தத்துவமெல்லாம் இல்லை, சின்னச் சின்ன வழிகள்தான். டெட்ராய்ட், டல்லாஸ் இரண்டுக்கும் பிறகு நாசா செக்லிஸ்டையே ஆராய்ந்தது, அட்டை எப்படி இருக்க வேண்டும், எங்கே நிறுத்தலாம், எங்கே நிறுத்தக் கூடாது என்று. பல நிறுவனங்கள் ஃப்ளாப்பை டாக்ஸிக்கு முன்பே, விமானம் அசையாமல் நிற்கும்போதே நீட்டச் சொல்லிவிட்டன. ஓட்டிக்கொண்டே படிப்பது குறைந்தது. செக்லிஸ்ட் பாதியில் நின்றால் விட்ட இடத்தைத் தேடாமல் முதல் வரியிலிருந்து படி என்பது இன்னொன்று. குறுக்கீடு வந்தால் அட்டையை மடித்து வைக்காமல் கையிலேயே பிடித்திருப்பார்கள் சிலர். கை சும்மா இல்லையே என்பதே ஞாபகப்படுத்தும்.

எனக்குப் பிடித்தது 'ஸ்டாண்ட் பை', அதாவது 'கொஞ்சம் பொறுங்கள்'. டவர் கூப்பிட்டாலும் பணிப்பெண் கூப்பிட்டாலும், செக்லிஸ்ட் முடியும்வரை அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாத பைலட்தான் நல்ல பைலட். பேச்சுக்காரர் என்று பேர் வாங்க மாட்டார், பரவாயில்லை.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. 1976-லிருந்து அமெரிக்காவில் விமானிகள் தங்கள் பிழையைத் தாங்களே நாசாவுக்கு ரகசியமாக எழுதி அனுப்பலாம். பெயரை நீக்கிவிட்டு மற்றவர்கள் படிக்கத் தருவார்கள். யாரோ கூப்பிட்டார்கள், ஃப்ளாப்பை மறந்தோம், அலாரம் கத்தியதால் நிறுத்தினோம் என்கிற ரகக் கடிதங்கள் அதில் இருக்கின்றன. அலாரம் வேலை செய்த நாட்கள் செய்தியில் வருவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

என்.வி., தாம்பரம்

கே: நம் நாட்டு காக்பிட்டில் ஒழுங்கு எப்படி?

ப: 2023 பிப்ரவரியில் துபாய் - டெல்லி விமானத்தில் தோழியைக் காக்பிட்டுக்குள் உட்கார வைத்த ஏர் இந்தியா விமானிக்கு 3 மாதம் தடை, நிறுவனத்துக்கு 30 லட்ச ரூபாய் அபராதம். அடுத்த மாதமே ஹோலி தினத்தில் இன்னொரு விமானத்தில் கன்ட்ரோல்கள் மேல் காபிக் கோப்பையை வைத்துப் படமெடுத்தவர்களை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மாட்டியவர்கள் கணக்கு இது. படம் எடுக்காதவர்கள் கணக்கு என்னிடம் இல்லை.

எஃப்.எம்., தூத்துக்குடி

கே: ஏ.ஐ. வந்துவிட்டால் இந்தத் தொல்லை தீருமா?

ப: நூறு டன்னைத் தின்று ஏப்பம் விட்டது கம்ப்யூட்டர்தான். தட்டியதை நம்பும், ஏன் என்று கேட்காது. கேள்வி கேட்கிற கம்ப்யூட்டர் வரட்டும், பிறகு பேசுவோம்.

ஜி.பி., திண்டுக்கல்

கே: ஒரு மணி நேரம் தாமதமானால் பயணி கத்தத்தான் செய்வான். அதையும் தப்பு என்பீர்களா?

ப: கவுன்டரில் கத்துங்கள், டிக்கெட் விற்றவர்களிடம் கத்துங்கள், கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இந்த விபத்து அறிக்கைகளைப் படித்தால் ஒரு விஷயம் கண்ணை உறுத்துகிறது. மாட்ரிடில் தாமதம். டெட்ராய்டில் தாமதம். 583 பேரைப் பலிகொண்ட 1977 டெனரீஃப் ஓடுதள மோதலிலும் மணிக்கணக்கான தாமதம், வேலை நேர வரம்பு பற்றிய கவலை. கடிகாரம் பார்க்கிற விமானிதான் அடுத்த வரிக்குத் தாவுகிறார். சரியான நேரத்தில் கிளம்புகிறோம் என்று விளம்பரம் போடும் நிறுவனங்களைவிட, சரிபார்த்துவிட்டுக் கிளம்புகிறோம் என்று போடும் நிறுவனம் ஒன்று வந்தால் அதில்தான் டிக்கெட் வாங்குவேன். யாரும் போடப்போவதில்லை.

ஆர்.கே., பட்டுக்கோட்டை

கே: சரி, பயணிகள் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டுமா?

ப: கும்பகோணத்துக்காரரும் இதைப் படிக்கட்டும். 1989 மார்ச் 10, கனடாவில் டிரைடன் என்ற சிற்றூர். ஏர் ஒன்டாரியோ 1363, 69 பேர். பனி கொட்டுகிறது, இறக்கை மேல் பனி படிந்துகொண்டிருக்கிறது. ஒரு துணை இயந்திரம் பழுதானதால் இன்ஜினை அணைக்க முடியாது. அணைத்தால் அந்த ஊரில் மறுபடி ஸ்டார்ட் செய்ய வழியில்லை. இன்ஜின் ஓடும்போது பனியை நீக்கும் திரவம் தெளிக்கக் கூடாது. ஏற்கெனவே தாமதம். போதாததற்கு, ஒரு குட்டி விமானம் இறங்குவதற்காக இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொன்னார்கள்.

இறக்கையில் பனி இருப்பதைப் பணிப்பெண் பார்த்தார். பயணிகளாக வந்திருந்த இரண்டு விமானிகளும் பார்த்தார்கள். ஒருவரும் காக்பிட்டுக்குச் சொல்லவில்லை. நாம் சொல்லியா அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்ற தயக்கம். இதையெல்லாம் சொன்னால் விமானிகள் விரும்பமாட்டார்கள் என்ற நினைப்பு பணிப்பெண்ணுக்கு. விமானம் கிளம்பி, ஏற முடியாமல் மரங்களில் விழுந்தது. 24 பேர் இறந்தார்கள். நீதிபதி மொஷான்ஸ்கி தலைமையில் நடந்த விசாரணை, விமானியோடு நிற்காமல், விமான நிறுவனம், அரசு மேற்பார்வை என்று எல்லாப் பக்கமும் போய்த் துருவியது.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள். கதவு மூடியதிலிருந்து சீட் பெல்ட் விளக்கு அணையும்வரை தண்ணீர், போர்வை, இணைப்பு விமானம் பற்றிய கேள்விகளைத் தள்ளி வையுங்கள். நீங்கள் பணிப்பெண்ணைக் கேட்டால் அவர் காக்பிட்டைக் கேட்பார். ஆனால் இறக்கையில் பனியோ, இன்ஜினில் புகையோ, ஒழுகும் எரிபொருளோ கண்ணில் பட்டால் பக்கத்து சீட்டுக்காரர் சிரிப்பாரே என்று பார்க்காதீர்கள். பெல்லை அழுத்திப் பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள், காக்பிட்டுக்குச் சொல்லிவிட்டாரா என்றும் கேளுங்கள்.